ஆண்டறிக்கை: காயம்பட்ட கிளர்ச்சியாளர் பற்றிய ஊர் நினைவுகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்த 1798 கிளர்ச்சியில் காயம்பட்டு வெக்ஸ்ஃபோர்டு கவுண்டியில் அடைக்கலம் தேடியவர்களைப் பற்றிய வாய்மொழிச் செய்திகளைத் திரட்டுவதிலேயே இவ்வாண்டின் பெரும்பகுதி கழிந்தது.

தொடக்கம் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான கில்லான் ஊர் ஜான் கெல்லி. ஜூன் 5 அன்று நியூ ராஸ் நகரில் 'மூன்று குண்டு வாயில்' என்ற நகர வாயில் மீது தாக்குதலை நடத்தி, அங்கேயே காயம்பட்டார். வெக்ஸ்ஃபோர்டு நகருக்குக் கொண்டுவரப்பட்டுப் படுக்கையில் கிடந்தார். ஜூன் 21இல் கிளர்ச்சியாளர் முகாமான வினிகர் ஹில் வீழ்ந்து நகரமும் அரசப் படையிடம் போனபின், அவரை இழுத்துப்போய்ப் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். ஆள் ஏழடிக்கும் மேல் என்பது சுமார் நூறாண்டு கழித்து எழுந்த பாட்டின் சரக்கு. அதைச் சாட்சியப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

பெரும்பாலான செய்திகள் 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கொண்டு எழுதவைத்த நாட்டாரியல் தொகுப்பில் கிடைத்தவை. பைண்டு செய்த தொகுதிகளோடு நின்றுவிடக் கூடாது. அவற்றில் இருப்பவை ஆசிரியர் தேர்ந்தெடுத்தவை மட்டுமே. விடுபட்டவை பிள்ளைகளின் நோட்டுகளில் கிடக்கின்றன. ஐரிஷ் தலைப்புகள் பழைய எழுத்தில் இருந்தால் 'ஆர்', 'எஸ்' இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஊர்ப்பெயர் பிழைகளில் பல இதனால் வந்தவை.

ஒவ்வொரு கதைக்கும் சொன்னவர் வயது, அவர் யாரிடம் கேட்டார், எந்த டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) என்று மூன்றையும் குறித்தோம். பிறகு வீடு இருந்த இடத்தை 1842இல் முடிந்த, மைலுக்கு ஆறங்குல அளவிலான நில அளவை வரைபடத்திலும், குடியிருந்தவர் பெயரை, வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீட்டுப் பதிவிலும் தேடினோம். பதிவு கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு பிந்தியது. எனவே குடும்பப் பெயர் பொருந்தினாலும் அடைக்கலம் தந்தது அதே வீடுதான் என்று ஆகிவிடாது.

அதிகம் தொல்லை தந்தது காலக் குழப்பம். தேடி வந்தவர்கள் யோமன்ரி (அரசுக்கு ஆதரவான உள்ளூர்த் தொண்டர் படை) என்றால் 1798. லாரியில் வந்தார்கள் என்றால் 1920ஐ ஒட்டிய அயர்லாந்து விடுதலைப் போர். ஒரே கதையில் இரண்டும் வருவதுண்டு. "1798இலா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "எந்தக் கலவரத்தில்?" என்றே கேட்க வேண்டும்.

'கிராப்பி' (1798 கிளர்ச்சியாளரின் பட்டப்பெயர்) புதைகுழிகளில், இறந்தவர் சட்டைப்பையிலிருந்த பார்லி முளைத்ததாகப் பல ஊர்களில் சொல்கிறார்கள். நாலு அங்குலத்துக்குக் கீழே புதைந்த பார்லி மேலே வருவது அரிது. முளைத்தது உண்மையானால் குழி அவசரமாக, ஆழமில்லாமல் வெட்டியதாக இருக்க வேண்டும். ஆகவே இவற்றைத் தள்ளாமல் தனிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

ஒரே காயம்பட்டவரை இரண்டு டவுன்லேண்டுகள் உரிமை கொண்டாடும் இடங்களில் இரு வடிவங்களையும் ஒன்றாக்காமல் தனித்தனியே எழுதியுள்ளோம். நோட்டுகளில் பாதி இன்னும் படிக்கப்படவில்லை. பழைய எழுத்து படிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் பெயர் கொடுக்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்