காலித் துறைமுகத்தில் அவொன்ட்ஸ்டர்

ஆசிரியருக்கு,

டச்சுக் கப்பல் என்றாலே போரும் கறுவாவும்தான் பேசப்படுகின்றன. அவொன்ட்ஸ்டர் என்ற கப்பலின் கதையையும் எழுதுங்கள். அது முதலில் ஆங்கிலேயர் கப்பல். 1653இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது. வயதான பின் இந்திய, இலங்கைக் கரையோர ஓட்டம்தான் அதற்குக் கிடைத்த வேலை. 1659 ஜூலை 2ஆம் தேதி, தென்னிந்தியாவுக்குப் பாக்கு ஏற்றிச் செல்வதற்காகக் இலங்கையின் காலித் துறைமுகத்தில் நின்றிருந்தபோது நங்கூரம் நழுவிக் கரையோரம் மோதி உடைந்தது. புயலில்லை, பீரங்கியில்லை. அதன் சிதைவை 1993இல் கண்டுபிடித்து, சுழியோடிகள் ஆண்டுக்கணக்கில் அரும்பாடுபட்டு எடுத்த பொருட்களில் பலவற்றை 2004 சுனாமி வாரிக்கொண்டு போய்விட்டது. நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. எஞ்சியவற்றையாவது நம் பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குத் தங்கள் சிறுவர் பகுதியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மாத்தறை