தவக்கால உண்டியல்: எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள்

கிறிஸ்துவில் அன்பார்ந்த குடும்பத்தாருக்கு, நம் பங்கின் தவக்கால அறப்பணிக் குழுவின் வணக்கம்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று திருப்பலி முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை உண்டியல் கொடுக்க இருக்கிறோம். அதை வாங்கிச் செல்லும் முன், அதில் சேரும் பணம் யாரைச் சென்றடைகிறது என்பதையும், அது எப்படி நிரம்ப வேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அதனால்தான் இம்மடல் சற்று நீண்டிருக்கிறது. வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் ஒரு மாலையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டால் மகிழ்வோம்.

முதலில் எங்கள் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறோம். குடும்பம் முழுவதும் சேர்ந்து எதைக் குறைத்துக்கொண்டதோ, அதனால் மிஞ்சிய பணமே இந்த உண்டியலில் விழ வேண்டும். கடந்த ஆண்டு திரும்பி வந்த உண்டியல்களில் பல, நாற்பது நாளும் அலமாரியின் மேல் வெறுமையாக இருந்து, கடைசி நாளில் வீட்டுப் பெரியவர் ஒரு நோட்டை மடித்துப் போட்டதால் நிறைந்தவை. அந்தக் கொடையையும் நன்றியோடு பெற்றுக்கொண்டோம். அதுவும் பசித்தவரைச் சென்றடைந்தது. ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லாமல் போனது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. கொடுத்தது குடும்பத்தலைவர் மட்டுமே, குடும்பம் கொடுக்கவில்லை.

இப்படி நாங்கள் கேட்பது புதுமையன்று. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' என்னும் நூல், நோன்பிருப்பவர் அன்று தாம் உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவருக்கோ கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. அந்தக் கணக்கிடுதலை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். நோன்பினால் மிஞ்சியதை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அது சிக்கனமாகிவிடும். பசித்தவரிடம் சேர்த்தால்தான் நோன்பு நிறைவுபெறும் என்பதே அதன் உட்பொருள். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோவும் தம் மறையுரைகளில், நோன்பாளி விலக்கிய உணவு ஏழைக்கு ஊட்டமாக வேண்டும் என்றே போதித்தார். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் தர்மம், இறைவேண்டல், நோன்பு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. நம்மில் பலர் நோன்பையும் இறைவேண்டலையும் கருத்தாய்க் கடைப்பிடித்துவிட்டு, தர்மத்தை மட்டும் காணிக்கைத் தட்டு வரும் நொடிக்கு ஒதுக்கிவிடுகிறோம்.

வீட்டில் மிச்சமாவது கடல் கடந்தும் போகலாம் என்ற எண்ணம் சென்ற நூற்றாண்டின் நடுவில்தான் வலுப்பெற்றது. போரின் அழிவிலிருந்து மீண்டு பதினைந்து ஆண்டுகூட ஆகாத ஜெர்மனியில், 1958-ஆம் ஆண்டு, கொலோன் பேராயர் கர்தினால் யோசப் ஃபிரிங்ஸின் முயற்சியால், உலகெங்கும் உள்ள பசியையும் நோயையும் எதிர்க்க மிசெரெயோர் என்ற தவக்கால அறப்பணி அமைப்பு உருவானது. திரளான மக்கள் உண்ண ஏதுமின்றி இருப்பதைக் கண்டு இயேசு பரிவு கொண்ட நிகழ்விலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. 1960-இல் இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பெண்கள் தவக்காலத்தில் குடும்ப நோன்பு நாள் ஒன்றை ஏற்படுத்தி, அதில் சேர்ந்த பணத்தைக் கரீபியன் தீவான டொமினிக்காவில் தாய் சேய் நல மருத்துவப் பணிக்கு அனுப்பினார்கள். 1975-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து அலென்டவுனில், ஆப்பிரிக்காவின் வறட்சிச் செய்தி கேட்ட குடும்பங்கள் எளிய உணவு உண்டு மிச்சத்தைச் சேர்த்தன. சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கப்பட்ட அட்டைக் கிண்ணம் சில ஆண்டுகளில் அந்த நாடெங்கும் பரவியது. இம்மூன்றிலும் குடும்பங்களின் உணவு மேசையிலிருந்தே பணம் வந்தது. நாமும் அங்கிருந்தே தொடங்க விரும்புகிறோம்.

தேவை எவ்வளவு பெரிது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் உலக வங்கி கடும் வறுமையின் எல்லைக்கோட்டை ஒரு நாளைக்கு ஒருவருக்கு 3 டாலர் என்று திருத்தியது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 80 கோடிப் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் குழந்தைகள். 2024-இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியில் வாடினார்கள் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் முகமைகள் கணக்கிட்டுள்ளன. இந்த எண்களுக்கு முன்னால் ஓர் அட்டை உண்டியல் என்ன செய்துவிடும் என்று சிலர் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். உலகின் பசியை ஓர் உண்டியல் தீர்த்துவிடாது. ஆனால் சரியான மாதத்தில் சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும் சிறு தொகை அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் ஆகிய நாடுகளை உள்ளடக்கிய சாகேல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான உழவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். பழைய தானியம் தீர்ந்து, புதிய கதிர் இன்னும் முற்றாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள் அங்கே பசி மாதங்கள். உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் விதைப்பும் களையெடுப்பும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. வீட்டில் உணவு மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான். அந்நேரத்தில் கையில் ஒன்றுமில்லாத குடும்பம் விதைக்காக வைத்திருந்ததைச் சமைத்து உண்கிறது, அல்லது பால் தரும் ஆட்டை வந்த விலைக்கு விற்கிறது, அல்லது பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறது. மூன்றில் எதைச் செய்தாலும் அடுத்த ஆண்டின் பசிக்கு இந்த ஆண்டே வித்திட்டதாகிவிடுகிறது. தவக்காலத்தின் முடிவில் வரும் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில்தான் வரும் என்பதால், தவக்காலத்தில் சேர்ந்த பணத்தைத் தாமதிக்காமல் அனுப்பினால், மழைக்கு முன்பே விதையாகவும் தானியமாகவும் அது அங்கே போய்ச் சேர்ந்துவிட முடியும். ஆகவே ஆண்டு முழுவதும் பணத்தைச் சேர்த்து வைத்திருந்து அனுப்பும் யோசனையை எங்கள் குழு ஏற்கவில்லை.

சேரும் தொகையை நான்காகப் பிரிக்கிறோம். மூன்று பகுதிகள் திருச்சபையின் அறப்பணி அமைப்பான காரித்தாஸ் வழியாகத் தொலைநாட்டுப் பணிகளுக்கும், ஒரு பகுதி நமக்கு அருகில் வாழும் வறியவருக்கும் போகும். அமெரிக்கத் திருச்சபையின் தவக்காலத் திட்டத்திலும் இதே விகிதம் கடைப்பிடிக்கப்படுகிறது. அருகில் இருப்பவருக்கே எல்லாவற்றையும் கொடுக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அருகில் இருப்பவரின் துன்பம் ஆண்டு முழுவதும் நம் கண்ணில் படுகிறது. அதற்கு வேறு வழிகளிலும் உதவ முடியும். கண்ணில் படாத ஒருவரை நினைத்து ஒரு வேளையை எளிமையாக்கிக்கொள்ள நமக்குக் கிடைக்கும் காலம் இதுவே என்பது எங்கள் எண்ணம்.

தொலைநாட்டுப் பகுதியில் இரண்டு பணிகளுக்கு முன்னுரிமை கேட்டிருக்கிறோம். ஒன்று, கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை. 1990-களில் உருவான ஊட்டப் பசை ஒன்று இச்சிகிச்சையையே மாற்றிவிட்டது. நிலக்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, ஊட்டச்சத்துகள் சேர்ந்த 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி இருக்கிறது. அதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டாம், சமைக்க அடுப்பு வேண்டாம். வேறு நோய்ச் சிக்கல் இல்லாத குழந்தை மருத்துவமனையில் படுக்காமல் தாயின் மடியிலிருந்தே சில வாரங்களில் தேறிவிட முடிகிறது. குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் நிறப்பட்டையைத் தாய்மாருக்கே கொடுத்துக் கற்பிக்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பட்டையின் சிவப்புப் பகுதி காட்டிக்கொடுக்கும். அந்தச் சிவப்பைத் தன் குழந்தையின் கையில் காணும் தாய், சிகிச்சை கிடைக்கும் இடத்தை நோக்கி அன்றே நடக்கத் தொடங்குவார். அவர் போய்ச் சேரும்போது அங்கே பொட்டலம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறோம்.

மற்றொன்று, பெண்களின் சேமிப்புக் குழுக்கள். 1991-இல் நைஜர் நாட்டின் மராதி பகுதியில் கேர் என்னும் பன்னாட்டு உதவி நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய முறை இது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாரந்தோறும் கூடிச் சிறு தொகை போடுகிறார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று பெண்களிடம். பெட்டி வேறொருவர் வீட்டில். எல்லாரும் கூடினால்தான் அது திறக்கும். அந்தப் பணத்திலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, ஏறக்குறைய ஓராண்டு முடிவில் வட்டியோடு பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியிலிருந்து முதலீடாக எதுவும் தேவையில்லை. பயிற்சிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பெட்டிக்கும்தான் உதவி வேண்டும். தன்மானம் குன்றாமல் வறுமையை எதிர்க்கும் வழிகளில் இதைவிடச் சிறந்ததை எங்கள் குழு இதுவரை அறியவில்லை.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252-ஆம் எண், 14 வயது நிறைந்தவர்களுக்கே சுத்தபோசனத்தையும் (இறைச்சி தவிர்த்தல்), 18 வயது நிறைந்ததிலிருந்து, 59 வயது நிறைந்து அறுபதாம் வயது தொடங்கும் வரையுள்ளோருக்கே ஒருசந்தியையும் (நாளில் ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) கடமையாக்குகிறது. ஆனால் அதே எண், வயது காரணமாக இக்கடமையில்லாத சிறாருக்கும் தவத்தின் மெய்ப்பொருளைக் கற்பிக்கப் பெற்றோரும் அருள்பணியாளரும் கருத்தாயிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே பிள்ளைகளின் தட்டிலிருந்து உணவைக் குறைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். கருவுற்றவர்களும் நோயாளிகளும் மருந்துண்ணும் முதியோரும் அவ்வாறே. தின்பண்டம், வெளியே சென்று உண்பது, கைப்பேசி விளையாட்டுக்கான செலவு, தேவைக்கு மேல் வாங்கும் உடை என்று குறைக்க வேறு பல உண்டு. எதைக் குறைப்பது என்று முதல் வாரத்திலேயே எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். சிறியவரின் யோசனையும் கேட்கப்படட்டும். குறைத்த நாளிலேயே, பிள்ளைகளின் கையாலேயே பணம் உண்டியலில் விழட்டும்.

நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். வேலையிழப்பும் நோயும் கடனும் நம்மிடையேயும் உண்டு. உண்டியலை வாங்காமல் போவதால் யாரும் உங்களைக் குறைவாக எண்ணமாட்டார்கள். வாங்கி வெறுமையாகத் திருப்பித் தந்தாலும் அப்படியே. ஆனால் நீங்களும் கொடுக்க விரும்பினால், 'உங்களுக்கு எதற்கு' என்று சொல்லி அந்த உரிமையை உங்களிடமிருந்து பறிக்க எங்களுக்குத் துணிவில்லை. ஆலயக் காணிக்கைப் பெட்டியருகே இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை இயேசு தடுக்கவில்லை.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடந்த ஆண்டு நாங்கள் வரவை உடனே அறிவித்தோம்; பணம் போய்ச் சேர்ந்த விவரத்தைப் பல மாதம் கழித்தே வெளியிட்டோம். அது எங்கள் தவறு, பொறுத்தருள வேண்டுகிறோம். இவ்வாண்டு உண்டியல்கள் குழுவைச் சேராத நான்கு குடும்பங்களின் முன்னிலையில் திறந்து எண்ணப்படும். மொத்தத் தொகையும், அனுப்பிய நாளும், பெற்றுக்கொண்டதற்கான சீட்டும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். உண்டியல் அச்சிட்ட செலவைக் குழு உறுப்பினர்களே ஏற்றுக்கொண்டோம். கொடுத்தவர் பட்டியல் எதுவும் வாசிக்கப்படாது.

உண்டியல்களைப் பெரிய வியாழன் மாலை, ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்குக் கொண்டுவாருங்கள். அத்திருப்பலியில் அப்பத்தோடும் இரசத்தோடும் ஏழைகளுக்கான கொடைகளையும் பவனியாகக் கொண்டுவரத் திருவழிபாட்டு நெறி இடம் தருகிறது. பிள்ளைகளே தங்கள் வீட்டு உண்டியலை ஏந்தி வரட்டும். அன்று வர இயலாதவர்கள் உயிர்ப்பு ஞாயிறு வரை பங்கு அலுவலகத்தில் சேர்க்கலாம். முதியோரும் நோயாளிகளும் சொல்லியனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்வோம். உண்டியலின் மேல் யாரும் பெயர் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தவக்கால அறப்பணிக் குழுவினர்