சென்ட் என்றால் கூடவே வருவார்கள்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். மூத்தவனுக்குப் பொங்கோல் வட்டாரத்தில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. பெயின்ட் வேலை நடக்கிறது.

இங்கே வேலை பார்க்கும் உன் மகளிடம் அலுவலகத் தோழி 'ஐ சென்ட் யூ ஹோம்' (I send you home) என்று சொல்ல, அவள் கலங்கிப்போனதாக எழுதியிருந்தாய். பாவம், அவள் படித்த ஆங்கிலத்தில் அப்படித்தானே வரும்! ஒருவரை 'சென்ட் ஹோம்' செய்தார்கள் என்றால், இன்று வேலை போதும், கிளம்பு என்று அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். அந்தத் தோழி சொன்னது வேறு: "என் காரில் உன்னை வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன்."

இங்கிலாந்து ஆங்கிலத்தில் சென்ட் செய்கிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார். கடிதம் போகும், பணம் போகும், பிள்ளை பள்ளிக்குப் போகும், அனுப்பியவர் போகமாட்டார். கூடப் போவதானால் அதற்கு டேக், டிராப், சீ ஆஃப் என்று வேறு சொற்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் ஆளை சென்ட் பண்ணுவது என்றால் பெரும்பாலும் கூட வருகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். விமான நிலையத்துக்கு சென்ட் பண்ணுகிறேன் என்று ஒருவர் சொன்னால் சாங்கி வரை வந்து, பெட்டியையும் இறக்கித் தருவார்.

இதைச் சோம்பேறி ஆங்கிலம் என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மலாயில் 'ஹந்தார்' என்ற ஒரே சொல் பொருளை அனுப்புவதற்கும் ஆளைக் கொண்டுபோய் விடுவதற்கும் வரும். சீனத்தில் 'சொங்' என்பதும் அப்படியே, பரிசு கொடுப்பதற்கும் அதுவே. வீட்டில் இந்த மொழிகளைப் பேசி வளர்ந்தவர்கள் ஆங்கிலத்துக்கும் அந்தப் பழக்கத்தோடுதான் வந்தார்கள். நம்மிடமும் 'வழியனுப்பு' இருக்கிறதே! வெறும் 'அனுப்பு' என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம், வழியனுப்புவதற்கு எழுந்து போக வேண்டும். கரிகாலன் தன்னிடம் பாடி வந்த கலைஞனான பொருநனைத் தேரேற்றி அனுப்பும்போது அவன் பின்னால் ஏழு அடி எடுத்துவைத்து நடந்தான் என்று சங்க நூலான பொருநராற்றுப்படை சொல்கிறது. அந்த மரியாதை இங்கத்து சென்ட்டிலும் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

ஆனால் மகளிடம் ஒன்று சொல்லிவை. காப்பிக் கடையிலும் நண்பர்களிடமும் இப்படிப் பேசட்டும், தப்பே இல்லை. லண்டன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். 'விருந்தினரை விமான நிலையத்துக்கு சென்ட் செய்கிறேன்' என்று எழுதினால், டாக்ஸி பிடித்து ஏற்றிவிடுவாள் போலிருக்கிறது என்று அவர்கள் நினைப்பார்கள். அங்கே 'டேக்' போட்டால் சரியாக இருக்கும்.

அப்புறம் 'ஃபெட்ச்'. போய் அழைத்துவருவதுதான் அதன் பொருள். இங்கே 'அப்பா என்னைப் பள்ளிக்கு ஃபெட்ச் பண்ணுவார்' என்று கொண்டுபோய் விடுவதற்கும் பிள்ளைகள் சொல்வார்கள். அதையும் அவள் கேட்கத்தான் போகிறாள்.

நம் ஊரில் எல்லாரும் 'டிராப் பண்றேன்' என்கிறார்களே, நாம் படித்த காலத்தில் அது இருந்ததாக எனக்கு நினைவில்லை. சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும்போது நாம் என்ன சொல்வோம்? உனக்கு நினைவிருந்தால் எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முத்து