இலை பழுக்கும் நேரம்

வெர்னன் மாவட்டம், விஸ்கான்சின்
அக்டோபர் 26

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. சென்ற தையில் காலம் தவறிப் பெய்த மழையால் சம்பா அறுவடை தள்ளிப்போனதையும், அதற்குள் நீ தெளித்துவிட்ட உளுந்து நெற்பயிரின் நிழலிலேயே வெளிறி நீண்டதையும், பிறகு அறுவடை இயந்திரத்தின் தடத்தில் பாதி நசுங்கிப்போனதையும் நீ எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்கு உன் வரப்பில் நிற்பது போலவே இருந்தது. ஏனென்றால், நீ அங்கே தையில் படும் பாட்டைத்தான் நான் இங்கே ஒவ்வொரு செப்டம்பரிலும் படுகிறேன். மானுக்காக யாராவது பயிர் வைப்பார்களா, அதுவும் குளிர் தொடங்கும் நேரத்தில் எதை, எப்போது விதைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். இந்த முறை அதற்கு முழுமையாகவே பதில் எழுதிவிடுகிறேன்.

இங்கே காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களில் பலர் அரை ஏக்கர் முதல் இரண்டு ஏக்கர் வரை ஒரு துண்டைத் திருத்தி, வெள்ளைவால் மானும் வான்கோழியும் மேய்வதற்காகவே பயிர் வைக்கிறார்கள். அதை ‘ஃபுட் பிளாட்’ என்பார்கள். பெரும்பாலோர் வேட்டைக்காகச் செய்கிறார்கள். என்னைப் போல் சிலர் விலங்குகள் வந்து போவதைப் பார்ப்பதற்காகவும் செய்கிறோம். வான்கோழி என்றதும் வீட்டில் வளர்ப்பதை நினைத்துவிடாதே. விஸ்கான்சின் காடுகளிலிருந்து முற்றிலும் அழிந்துபோன அந்தக் காட்டுப் பறவையை, 1976இல் மிசௌரி மாநிலத்திலிருந்து கொண்டுவந்து எங்கள் வெர்னன் மாவட்டத்தில்தான் மீண்டும் விட்டார்கள். அதற்கு ஈடாக இங்கிருந்து காட்டுக் கவுதாரி இனம் ஒன்றை அங்கே அனுப்பினார்கள். இன்று என் சோயா வயலின் ஓரத்தில் கூட்டமாக நடந்து போகும் பறவைகள் அந்த வழியில் வந்தவை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிறைவு ஏற்படுகிறது.

என் மேட்டுத் துண்டில் சோயா நிற்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மான்கள் அதன் தளிர் இலையைத் தின்னும். இலை பழுக்கத் தொடங்கியதும் அதைத் தொடாமல் விட்டுவிட்டு, பனி விழுந்த பிறகு காய்ந்த காயைத் தேடி வரும். இந்த இரண்டுக்கும் நடுவே நிலம் சும்மா கிடக்கிறது. இலையும் உதிர்ந்துவிட்டால் மண்ணை மூடுவதற்கு ஒன்றுமில்லை. எங்கள் பகுதி பனிப்பாறைகள் தேய்த்து மட்டமாக்காமல் விட்டுவைத்த பகுதி. செங்குத்தான மேடுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் நிறைந்தது. மேட்டின்மேல் காற்று கொண்டுவந்து படிய வைத்த மாவு போன்ற வண்டல். ஒரு நல்ல மழைக்கே அது கரைந்து ஓடும். இதே மாவட்டத்தின் கூன் வேலி என்னும் ஊரில் மண் அரிப்பு ஊரையே அச்சுறுத்தியதால்தான், ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் எடுத்துக்கொண்டு மண்ணைக் காக்கும் நாட்டின் முதல் திட்டத்தை 1933இல் அங்கே தொடங்கினார்கள். சரிவுக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக உழும் வழக்கம் அந்நாளில் வேரூன்றி இன்றும் நிற்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் குளிர்காலம் முழுவதும் ஒரு வேராவது உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் கவலை. மானின் வயிறு அதற்கு அடுத்த கவலை. இரண்டுக்கும் ஒரே விதை உதவுகிறது. அது ரை என்னும் தானியம். கோதுமைக்கு நெருங்கிய உறவு.

விதையை எப்போது தெளிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறுவடை முடிந்து உழுது விதைத்தால் காலம் கடந்துவிடும். நான் சோயாவை அறுப்பதும் இல்லை. ஆகவே நிற்கும் பயிருக்குள்ளேயே விதையை வீச வேண்டும். சம்பா அறுப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பு, வயல் மண் ஈரமாக, மெழுகு போல் இளகிய மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நீ உளுந்து தெளிக்கிறாய் அல்லவா, அதே கணக்குத்தான். ஆனால் உனக்கு மண்ணின் பதம் அடையாளம். எனக்கு இலையின் நிறம் அடையாளம். சோயா இலை அடர்ந்து பச்சையாக நிற்கும்போதே வீசினால், முளைத்த ரை வெளிச்சமின்றி நூல் போல நீண்டு மடிந்துவிடும். உன் உளுந்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். இலை முழுவதும் உதிர்ந்த பிறகு வீசினால், விதை மண்ணைத் தொடாமல் சருகின்மேல் தங்கி, முளைத்தாலும் வேர் இறங்க வழியின்றிக் காயும். இரண்டுக்கும் இடையில், வயலின் பாதி மஞ்சளாகி முதல் இலைகள் விழத் தொடங்கும் ஏறக்குறைய இரண்டு வார காலம் ஒன்று உண்டு. அப்போது வீசிய விதை நேராக மண்ணில் விழுகிறது. அதன்மேல் இலை உதிர்ந்து போர்வையாகிறது. அந்தப் போர்வையின் கீழ் ஈரம் தங்குகிறது. மேலே வெளிச்சம் நாளுக்கு நாள் கூடுகிறது. விதையை மூட ஆளும் வேண்டாம், கருவியும் வேண்டாம். பயிர் தானாகவே அடுத்த பயிரை மூடிவிட்டுப் போகிறது. இத்தனை ஆண்டுகள் பார்த்தும் எனக்கு இது பழகிப்போகவில்லை.

இந்தக் காலம் எங்கள் பக்கம் பெரும்பாலும் செப்டம்பரின் முதல் பாதியில் அமையும். ஆனால் தேதியை நம்பிப் பயனில்லை. எந்தச் சோயா என்பதைப் பொறுத்து அது மாறும். சோயா பகலின் நீளத்தைக் கொண்டே முதிரும் பயிர். விதைகளை முதிரும் காலத்தைக் கொண்டு ‘முதிர்வுக் குழு’ என்று எண்ணிட்டுப் பிரிப்பார்கள்; எண் கூடக் கூட முதிர நாளாகும். எங்கள் அட்சரேகைக்கு முதிர்வுக் குழு 2ஐச் சேர்ந்த விதை பொருந்தும். மானுக்கு நீண்ட நாள் பச்சை இலை கிடைக்கட்டும் என்று தெற்கத்திய 5ஆம், 6ஆம் குழு விதைகளையும் சிலர் வாங்கி வந்து விதைக்கிறார்கள். அவை செப்டம்பர் முடியும்வரை பழுக்காமல் பச்சையாகவே நின்று, முதல் கடும் உறைபனியில் ஒரே இரவில் கருகி, சில நாட்களில் மொத்த இலையையும் கொட்டிவிடும். அந்த வயலில் மஞ்சளாகும் பருவமே கிடையாது. ஆகவே விதை தெளிக்கும் பருவமும் கிடையாது. உறைபனி எந்த இரவில் வரும் என்று ஊகித்து வீச வேண்டியதுதான். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று வந்து தேங்குவதால் மேட்டைவிடப் பல நாட்கள் முன்பே அங்கே உறைந்துவிடும் என்பதும் அந்த ஊகத்தை இன்னும் கடினமாக்கும். நான் அந்த விதையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன். ரை போல மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிரைத் தெளிக்கும் எண்ணம் உள்ளவன் நேரத்தோடு பழுக்கும் விதையைத்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தோளில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றும் துணிப்பை விதைப்பான்தான் என் கருவி. வரிசையில் விதைக்கும் இயந்திரம் இருந்தால் ஏக்கருக்கு 60 பவுண்டு ரை போதும். கையால் வீசும்போது எறும்புக்கும் பறவைக்கும் போக மிஞ்ச வேண்டும் என்பதால் 100 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 45 கிலோ வீசுகிறேன். காலைப் பனி இலைமேல் இருக்கும்போது போகக் கூடாது. ஈர இலையில் விதை ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். நண்பகலுக்குப் பிறகு, இலை நன்றாகக் காய்ந்ததும் நடக்க வேண்டும். அதைவிட முக்கியம், அடுத்த சில நாட்களில் மழை இருக்க வேண்டும். இலையின் பருவமும் மழையின் நாளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2024 செப்டம்பர் எங்களுக்கு ஏறக்குறைய மழையற்ற மாதமாகவே கழிந்தது. இலை பழுத்துவிட்டதே என்று வீசினேன். விதை வாரக்கணக்கில் மண்மேல் அப்படியே கிடந்தது. வான்கோழிகள் பாதியைப் பொறுக்கிவிட்டன. மீதியைச் சருகு மறைத்துக் காத்திருந்தது. அக்டோபர் கடைசியில் ஈரம் கிடைத்தபோது, நான் நம்பிக்கை இழந்துவிட்ட இடத்தில் மெல்லிய பச்சை தோன்றியது. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் இருந்தாலும் முளைக்கக் கூடிய விதை ரை. வேறு எதையும் அந்த நிலைமையில் நான் நம்பியிருக்க முடியாது. அதிலிருந்து, இலை சற்றுப் பச்சையாக இருந்தாலும் மழை நிச்சயம் என்றால் வீசிவிடுவது, இலை பழுத்தும் மழை இல்லை என்றால் சில நாட்கள் பொறுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

டர்னிப் என்னும் கிழங்கு, முள்ளங்கி போன்றவற்றின் கணக்கு வேறு. அவற்றுக்குக் கடும் உறைபனிக்கு முன்பு ஏறக்குறைய 60 நாட்கள் வேண்டும். ஆகவே ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்டு தொடக்கத்திலேயே விதைத்தாக வேண்டும். செப்டம்பரில் சோயாவுக்குள் அவற்றை வீசிப் பயனில்லை என்பதை இரண்டு ஆண்டுகள் பணத்தை இழந்து கற்றுக்கொண்டேன். ஓட்ஸ் இனிப்பாக வளரும், மான் அதை விரும்பித் தின்னும். ஆனால் கடுங்குளிர் இரவுகள் சில தொடர்ந்ததும் மடிந்துவிடும். ரையோடு சிறிதளவு கலந்து வீசினால் அக்டோபருக்கு ஓட்ஸும் அதற்குப் பிறகு ரையும் என்று பங்கு பிரித்துக்கொள்ளும். க்ளோவர் என்னும் தீவனச் செடியை நான் இலையுதிர்காலத்தில் தெளிப்பதே இல்லை. பிப்ரவரி கடைசியில், மண் இரவில் உறைந்து பகலில் இளகி வெடிக்கும்போது தூவிவிட்டால் அந்த வெடிப்புகளே விதையை உள்ளிழுத்துக்கொள்கின்றன.

விதை வாங்கும்போது நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் கடையில் ‘ரை’ என்று கேட்டேன். தந்தது ‘ரை கிராஸ்’. பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. செடியோ முற்றிலும் வேறு. ஒன்று தானியம், மற்றது புல்வெளிப் புல். களையாகிவிட்டால் களைக்கொல்லிக்கும் எளிதில் அடங்காதது. அந்தத் துண்டின் மேற்கு மூலையில் அதை ஒழிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. இப்போது மூட்டையின் சீட்டை முழுமையாகப் படிக்காமல் பணம் கொடுப்பதில்லை.

இங்கே பலரோடு நான் உடன்படாத இடம் ஒன்று உண்டு. வில்வேட்டை செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. துப்பாக்கி வேட்டையின் ஒன்பது நாட்கள் நவம்பரில், நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்குகின்றன. அந்த நாட்களில் வயல் பசுமையாக இருக்க வேண்டும் என்றே பலர் விதைப்பைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் மானின் உண்மையான பசி நவம்பரில் இல்லை. அப்போது காட்டில் ஓக் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான், உடலில் சேர்த்த கொழுப்பு கரைந்து, கருவைச் சுமக்கும் பெட்டை மான்கள் மரக்குச்சிகளைக் கடித்து நாளைத் தள்ளும். இரக்கப்பட்டு அப்போது மக்காச்சோளத்தைக் கொட்டுவது கொடுமையாக முடியும். குச்சிக்குப் பழகிய அசைபோடும் வயிற்றில் திடீரென்று சேரும் தானியம் அமிலத்தைப் பெருக்கி உயிரையே எடுத்துவிடும். மேலும், 2002இல் இந்த மாநிலத்தின் மான்களிடம், மூளையைத் தாக்கி மெலியவைத்துக் கொல்லும் நலிவு நோய் கண்டறியப்பட்ட பிறகு, நோய் கண்ட மாவட்டங்களில் தீனி கொட்டுவதே தடை செய்யப்பட்டது. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைப்பதால் நோய் பரவ வழியுண்டு. நிலத்தில் வளர்ந்து நிற்கும் பயிர் அந்தத் தடைக்குள் வராது. பனி விலகிய இடத்தில் காலால் கிளறி, மான்கள் பரந்து நின்று ரையின் பச்சையை மேய்வதை மார்ச் காலைகளில் சன்னலிலிருந்து பார்க்கிறேன். அந்த மாதத்துக்குப் பச்சை வேண்டுமென்றால் செப்டம்பரில் இலை பழுக்கும் நேரத்தைத் தவறவிடக் கூடாது. நான் மனத்தில் வைத்து விதைப்பது அந்த மார்ச்சைத்தான்.

மே மாதத்தில் ரை இடுப்பளவு எழும். வான்கோழி அடைகாக்கும் காலமும் மான் குட்டி போடும் காலமும் அதைத் தொட்டே வருவதால், முழுத் துண்டையும் ஒரே நாளில் சாய்க்க எனக்கு மனம் வருவதில்லை. நடுவில் உள்ளதை மட்டும் பூக்கும் பருவத்தில் உருளையால் மடக்கிவிட்டு, அந்த வைக்கோல் போர்வைக்குள் அடுத்த சோயாவை விதைக்கிறேன். ஓரங்களை ஜூலை வரை தொடுவதில்லை. களையும் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் மாலை வீசினேன். மூன்றாம் நாள் இரவு முழுவதும் நிதானமான மழை பெய்தது. இன்று ரை நான்கு விரல் உயரத்தில் நிற்கிறது. வரிசைகளின் நடுவே மான் குளம்பின் தடங்கள் நேற்றைய ஈரத்தில் பதிந்திருக்கின்றன.

உன் சம்பா இந்நேரம் தூர் கட்டத் தொடங்கியிருக்கும். இந்தத் தையில் அறுவடை இயந்திரத்தின் நாள் உறுதியான பிறகே உளுந்து தெளிப்பாயா, அல்லது மண் மெழுகுப் பதத்துக்கு வந்ததும் தெளித்துவிடுவாயா? எனக்கு அதுதான் இப்போது பெரிய கேள்வியாக இருக்கிறது. தெளிக்கும் நாளன்று மண் எப்படி இருந்தது, கதிர் எந்த அளவுக்குப் பழுத்திருந்தது என்பதையும் சேர்த்து எழுது.

என்றும் உன் அன்புள்ள,
பழைய அறைத்தோழன்