ஆல் இன்குளூசிவ் பயணம்: பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உள்ள பயண முகவர்களின் வாசலில் மாலத்தீவு விளம்பரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் "ஆல் இன்குளூசிவ்" என்ற சொல்தான் கண்ணில் முதலில் படும். தங்குமிடம், சாப்பாடு, பானங்கள், பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம், பிறகு பையைத் திறக்கவே வேண்டாம் என்று நம்பித்தான் நானும் என் கணவரும் மகனும், எழுபத்தாறு வயதான என் மாமியாரும் சென்ற டிசம்பரில் அங்கே போய் வந்தோம். நான்கு இரவுக்குப் பணம் கட்டி மூன்று இரவுதான் தங்க முடிந்தது. கேட்க வேண்டியவற்றைக் கேட்காமல் புறப்பட்டதே அதற்குக் காரணம். வயதானவர்களை அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் போகவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு விடுதிதான். தலைநகர் மாலேயை அடுத்த வேலானா விமான நிலையத்தில் இறங்கியபின் விரைவுப் படகிலோ, உள்நாட்டு விமானத்திலோ, நீரிலிருந்து எழும்பும் கடல் விமானத்திலோதான் அந்தத் தீவுக்குப் போயாக வேண்டும். இந்தப் போக்குவரத்துக்கான பணம் பல "ஆல் இன்குளூசிவ்" திட்டங்களில் அடங்குவதில்லை. கடல் விமானமென்றால் ஒருவருக்குப் போக வரச் சில நூறு டாலர் ஆகும். அதைவிட முக்கியமானது, கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பது. எங்கள் முகவர் மும்பையிலிருந்து பதிவு செய்து கொடுத்த விமானம் மாலை ஐந்து மணியளவில்தான் தரையிறங்கியது. அன்றைய கடைசிக் கடல் விமானம் அதற்குள் போய்விட்டிருந்தது. பிற்பகல் 3.30 மணிக்குள் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்று விடுதிக்காரர்கள் சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயில் சொந்தச் செலவில் அறை எடுத்து அன்றிரவைக் கழித்தோம். தீவில் எங்கள் பெயரில் இருந்த அறை பூட்டியே கிடந்தது. அதற்குக் கட்டிய பணமும் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலையில் மிதவை மேடையிலிருந்து குறுகலான படிகளில் ஏறி அந்தச் சிறிய விமானத்துக்குள் குனிந்து நுழைவதற்கு, மூட்டு வலியோடு இருக்கும் மாமியார் பட்ட பாட்டைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்ற எடை வரம்பையும் அங்கேதான் அறிந்தோம். மிகுந்த எடைக்குத் தனியாகக் கட்டினோம். மாலேயிலிருந்து விரைவுப் படகில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் தீவையே பெரியவர்களோடு செல்வோர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படங்களில் அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது சாப்பாடு. நான் தூத்துக்குடியில் பிறந்தவள். எங்கள் துறைமுகத்திலிருந்து தோணிகள் சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள். மாசிக் கருவாடு அந்நாட்டுச் சமையலின் உயிர் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும், சுத்த சைவமான என் மாமியாருக்காக விடுதிக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் நாள் காலை உணவில் தேங்காய்த் துவையல் போலவே இருந்த ஒன்றை அவர் தட்டில் எடுத்து வைத்துவிட்டார். அதில் மாசி கலந்திருப்பதாகச் சமையற்கட்டில் வேலை செய்த இலங்கைத் தமிழர் ஒருவர் ஓடிவந்து சொன்னதால் தப்பித்தார். அதன் பிறகு அந்த நல்ல மனிதரே அவருக்கென்று பருப்பும் இரண்டு காய்களும் தனிப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்தார். அவர் இல்லாத விடுதியில் என்ன செய்திருப்போம்? காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு சேர்க்கப்படலாம். எனவே முட்டை, மீன் இரண்டும் வேண்டாம் என்பதைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் தெரிவித்துப் பதிலையும் பெற்று வைத்துக்கொள்வது அவசியம்.

மதுவின் விலையும் இந்தத் திட்டங்களில் அடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஆனாலும் நால்வருக்கும் அதற்கான பணத்தைக் கட்டியிருக்கிறோம். மூன்று வேளை உணவு மட்டும் கொண்ட "ஃபுல் போர்டு" திட்டத்தின் விலையையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் குடிநீருக்குத் தனியாக வாங்குவார்களா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மோட்டார் படகு விளையாட்டுகள், மசாஜ், சில தனி உணவகங்கள் ஆகியவற்றுக்கு எந்தத் திட்டத்திலும் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு.

வரிகளைப் பற்றி எங்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை. 2025 ஜனவரி 1 முதல் பெரிய விடுதிகளில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி விதிக்கப்படுகிறது. நான்கு பேர் நான்கு இரவு தங்கினால் 192 டாலர். 2025 ஜூலை 1 முதல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி 17 சதவீதம். இதற்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் உண்டு. விளம்பரத்தில் உள்ள தொகை இவற்றைச் சேர்த்ததா, சேர்க்காததா என்பதை முகவர் எழுதித் தர வேண்டும். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு இங்கே அவர் வசூலிக்கும் டி.சி.எஸ். தொகை (விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குச் செலுத்தும் வரி) நம் பான் எண்ணில் வரவாகச் சேர்ந்து, வருமான வரிக் கணக்குத் தாக்கலில் கழிவாகவோ திரும்பப் பெறும் பணமாகவோ கிடைக்கும். அதைக் கூடுதல் செலவென்று நினைத்து விட்டுவிடுபவர்களை நான் அறிவேன்.

இந்தியர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை; அங்கே இறங்கியதும் இலவசமாகவே அனுமதி கிடைக்கிறது. "இமூகா" என்ற அரசுப் படிவத்தைப் போகும்போதும் திரும்பும்போதும் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுடையது அல்ல. வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன் நாமே திறந்துவைக்க வேண்டும். மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது, ஆனால் சில தீவுகள் தமக்கென ஒரு மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்கின்றன. திரும்பும் விமானத்துக்கு எந்தக் கடிகாரம் என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பயணக் காப்பீட்டில் பெரியவர்களின் பழைய நோய்களுக்கும் கடல் விளையாட்டுகளுக்கும் இடமிருக்கிறதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுவும் பன்றி இறைச்சியும் போலவே, வழிபாட்டுச் சிலைகளையும் அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. மாமியார் எங்கே போனாலும் கூடவே எடுத்துச் செல்லும் விரலளவு பித்தளை முருகன் அவர் பெட்டியில் இருந்தது. புறப்படுவதற்கு முந்தைய இரவுதான் மகன் சுங்க விதிகளைப் படித்து இதைச் சொன்னான். அந்த நேரத்தில் முருகனைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்து, இரவெல்லாம் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்நாட்டுச் சட்டத்தை நாம் மதித்தே ஆக வேண்டும். ஆனால் பயணம் உறுதியான அன்றே இதை முகவர் சொல்லியிருந்தால், அவர் தம் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள ஒரு மாதம் கிடைத்திருக்கும்.

தங்கள் நாளிதழில் வரும் சுற்றுலா விளம்பரங்களில் தீவுக்குச் செல்லும் போக்குவரத்துச் செலவும் வரிகளும் தனித்தனியே அச்சிடப்பட வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் தாங்கள் வலியுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். மும்பைத் தமிழ்ச் சங்கங்களும் கோடை விடுமுறைக்கு முன்பாக ஒரு மாலை வேளையில் முகவர்களை அழைத்து, உறுப்பினர்கள் இக்கேள்விகளை நேரில் கேட்க ஏற்பாடு செய்யலாம். அப்படி ஒரு கூட்டம் நடந்தால் எங்கள் ரசீதுகளோடு நானும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை