கலிபோர்னியாவில் வாக்குரிமை பெற்ற தமிழர்களுக்கு: 34ஆம் பிரிவு குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களே,

நாம் வாழும் இந்த மாநிலத்தின் அரசமைப்புச் சட்டத்தில் 34ஆம் பிரிவு என்று ஒன்று உள்ளது. குறைந்த வருவாய் உடையவர்களுக்காக ஓர் அரசு அமைப்பு, மத்திய அரசின் அல்லது மாநில அரசின் நிதியுதவியோடு வாடகைக் குடியிருப்பு கட்டவோ வாங்கவோ முனைந்தால், அந்த நகரத்தின் அல்லது கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின்) வாக்காளர்கள் ஒரு தேர்தலில் பெரும்பான்மையாக அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் தந்திருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. 1950 நவம்பரில் 10ஆம் எண் முன்மொழிவாக வாக்குச்சீட்டில் வந்து, மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்ற விதி இது. முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் இது உயிரோடுதான் இருக்கிறது. இதை நீக்கும் கேள்வியை மீண்டும் வாக்காளர்முன் வைக்கும்படி நம் பிரதிநிதிகளை நாம் வற்புறுத்த வேண்டும், அது வரும்போது நீக்கத்திற்கு ஆதரவாக வாக்களிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்த விதி எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க, 1949இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றி அதிபர் ட்ரூமன் கையொப்பமிட்ட வீட்டுவசதிச் சட்டம், நாடு முழுவதும் 8,10,000 அரசுக் குடியிருப்புகள் கட்டுவதை இலக்காக வைத்தது. அந்த நிதியைப் பெற உள்ளூர் நிர்வாகங்கள் விண்ணப்பிக்கத் தொடங்கின. மாநிலத்தின் வடமேற்குக் கரையில், மரத்தொழிலை நம்பி வாழ்ந்த யுரேகா என்ற சிறு நகரமும் அவற்றுள் ஒன்று. அங்கு நகரமன்றம் தந்த ஒப்புதலை எதிர்த்துச் சிலர் கையெழுத்துத் திரட்டி, அதைப் பொதுவாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று கோரினார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டம் இயற்றும் செயல்களை மட்டுமே மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்க முடியும், ஏற்கெனவே உள்ள ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தும் நிர்வாகச் செயல்களுக்கு அது பொருந்தாது என்று 1950இல் அந்த நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டு முடிவதற்குள், கலிபோர்னியா ரியல் எஸ்டேட் சங்கத்தின் முன்முயற்சியில், நீதிமன்றம் மூடிய கதவை அரசமைப்பு வழியாகத் திறக்கும் 10ஆம் எண் முன்மொழிவு வாக்குச்சீட்டில் ஏறியது.

அதை ஆதரித்தவர்கள் ஏழைகளை வெறுப்பதாக எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. நீண்ட காலத்துக்கு உள்ளூர் வரிப்பணத்தைப் பாதிக்கக்கூடிய ஒரு முடிவை அந்த ஊர் மக்களே எடுக்கட்டும் என்பதுதான் அவர்கள் முன்வைத்த வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நம்மில் பலரும் இன்று படித்தாலும் தலையாட்டிவிடுவோம். ஆனால் ஒரு நெடுஞ்சாலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ இப்படி ஊர் ஊராக முன் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. செல்வந்தர்களுக்கான குடியிருப்புக்கு வேண்டியதில்லை. முதியோருக்காகவோ முன்னாள் படைவீரர்களுக்காகவோ கட்டும்போதுகூட, குடியிருப்பவர் ஏழையாக இல்லாதவரை இந்த விதி குறுக்கே வராது. வருமானம் குறைவு என்ற ஒன்றே இந்தக் கூடுதல் தடையை எழுப்புகிறது.

இதே வாதம் 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வழக்கைத் தொடுத்தவர்கள் சான் ஹோசே நகரத்தையும் சான் மேட்டியோ கவுன்டியையும் சேர்ந்த குடிமக்கள். அதாவது, நம்மில் பெருந்தொகையினர் இன்று குடியிருந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தமிழ்ப் பள்ளிகளும் நடத்திவருகிற அதே ஊர்கள். அங்கு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டங்கள் வாக்கெடுப்பில் தோற்றுவிட்டதால், மத்திய நிதிக்கு விண்ணப்பிக்கும் வழியே அடைபட்டிருந்தது. கீழ் நீதிமன்றம் 34ஆம் பிரிவு செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமோ ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், வாக்கெடுப்பு என்பது மக்களாட்சிமீது கொண்ட பற்றையே காட்டுகிறது, பாரபட்சத்தை அல்ல என்றும், கலிபோர்னியாவில் வேறு பல விஷயங்களும் கட்டாய வாக்கெடுப்புக்கு உட்பட்டவைதாம் என்றும் கூறினார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய தர்குட் மார்ஷல், ஏழ்மையை வெளிப்படையாகவே அளவுகோலாக்கும் பாகுபாடு இது என்றார். மார்ஷல் சொன்னதையே நான் ஏற்கிறேன். நீண்ட காலக் கடன் பத்திரம், எல்லை விரிவாக்கம் போன்றவற்றுக்கு வாக்கெடுப்பு தேவைப்படும்போது, அந்த நிபந்தனை ஒரு செயல்வகையைப் பார்க்கிறது. 34ஆம் பிரிவோ யார் குடிவரப் போகிறார் என்பதைப் பார்க்கிறது.

மக்கள் வாக்கு என்றாலே அதற்கு ஒரு தூய்மை வந்துவிடுகிறது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. 1911இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில், சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பிடியிலிருந்து அரசியலை மீட்கவென்று கொண்டுவரப்பட்ட, சட்டங்களை மக்களே முன்மொழிந்து வாக்களித்து முடிவு செய்யும் இந்த நேரடி வாக்குரிமையை நானும் மதிக்கிறேன். ஆயினும், அந்த உரிமையால் அதிகம் அடிபட்டவர்களில் நமக்கு முன்னால் இங்கு வந்த இந்தியர்களும் உண்டு. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை, 1920இல் வாக்காளர்களே ஒரு முன்மொழிவின் வழியாக இன்னும் இறுக்கினார்கள். அது முதன்மையாக ஜப்பானியர்களைக் குறிவைத்தது. 1923இல், குடியுரிமை கோரிய பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் இந்தியர்களும் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தியும் முலாம்பழமும் விளைவித்த பஞ்சாபி விவசாயிகளும் அதே வலையில் விழுந்தார்கள். இந்தியர்கள் குடியுரிமை பெறும் வழி 1946 ஜூலையில்தான் திறந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 பேரே குடியேறலாம் என்ற வரம்போடு.

அந்த 1946 நவம்பர் வாக்குச்சீட்டை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அயலார் நிலச் சட்டத்தின் திருத்தங்களுக்கு வாக்காளரின் முத்திரையைக் கோரிய 15ஆம் எண் முன்மொழிவைக் கலிபோர்னியர்கள் நிராகரித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் சற்று முன்புதான் வீடு திரும்பியிருந்தார்கள். ஆனால் அதே நாளில், அதே சீட்டில், வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஆணையம் அமைக்கக் கோரிய 11ஆம் எண் முன்மொழிவை அவர்கள் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். நிலச் சட்டத்தை 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. 1956இல் 13ஆம் எண் முன்மொழிவு அதை முழுவதுமாக நீக்கியது. செத்த சட்டம் என்று தெரிந்திருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அப்போதும் நீக்கத்தை எதிர்த்தே வாக்களித்தார்கள். (13 என்றதும் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்த 1978ஆம் ஆண்டு முன்மொழிவு பலருக்கு நினைவுக்கு வரும். இது வேறு, அந்நாளில் எண்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தொடங்கின.)

1964 நவம்பர் 3ஆம் நாளைச் சொல்லாமல் கடக்க முடியாது. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுத்த ரம்ஃபோர்டு சட்டம் 1963இல் வந்தது. அதைச் செல்லாக்காசாக்க, அதே ரியல் எஸ்டேட் சங்கம் 14ஆம் எண் முன்மொழிவைக் கொண்டுவந்தது. தன் சொத்தை யாருக்கு விற்பது, யாருக்கு மறுப்பது என்பது உரிமையாளரின் முழு விருப்பம், அரசு அதில் தலையிடக் கூடாது என்பதே அதன் சாரம். இனம் என்ற சொல்லே அதில் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் இங்கு வந்து அதற்கு எதிராகப் பரப்புரை செய்தார். குடிமை உரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்ட லிண்டன் ஜான்சனை அன்று பெருவாரியாக ஆதரித்த இதே கலிபோர்னியா, அதே சீட்டில் இந்த முன்மொழிவுக்கும் 65 விழுக்காட்டு வாக்குகளை அள்ளித் தந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1966இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இலும் அதை வீழ்த்தின. அதற்கு முன்பே, 1965 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கலவரத்தில் பற்றி எரிந்தது.

14ஆம் எண் முன்மொழிவு வீழ்ந்தது. அதன் மூத்த உடன்பிறப்பான 34ஆம் பிரிவு தப்பித்தது. இனத்தின் பெயரால் மறுப்பதற்கு நீதிமன்றத்தில் மருந்து கிடைத்தது, வருமானத்தின் பெயரால் மறுப்பதற்குக் கிடைக்கவில்லை. எனவே இதை இனி வாக்காளர்களால் மட்டுமே நீக்க முடியும்.

வாக்காளர்கள் மனம் மாறக்கூடியவர்கள்தாம். 1948இல் முதியோர் ஓய்வூதியத்தை உயர்த்திய ஒரு முன்மொழிவு, மாநில சமூக நலத் துறைக்கு யார் இயக்குநர் என்று ஒரு தனிநபரின் பெயரையே அரசமைப்பில் பொறித்தது. மறு ஆண்டே சிறப்புத் தேர்தல் ஒன்றில் மக்கள் அதைத் துடைத்தெறிந்தார்கள். செலவு யாருடைய பையைத் தொடுகிறதோ அவர்கள் விரைந்து விழித்துக்கொள்கிறார்கள். 34ஆம் பிரிவின் சுமையைத் தாங்குபவர்களோ, கட்டப்படாத ஒரு வீட்டில் குடியேற முடியாமல் போனவர்கள். இது தங்களுக்கு நேர்ந்தது என்று அவர்களுக்கே தெரியாது. 1974, 1980, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இதை நீக்கும் அல்லது தளர்த்தும் முயற்சி வாக்கெடுப்பில் தோற்றது. பிறகு, சட்டமன்றம் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்றிய நீக்கத் தீர்மானம் 2024 நவம்பர் வாக்குச்சீட்டுக்கென்று குறிக்கப்பட்டிருந்தும், வாக்குக்கு வராமலேயே திரும்பப் பெறப்பட்டது. தோற்றுவிடுவோம் என்ற அச்சமே காரணம் என்று நான் கருதுகிறேன். விதியைக் கொண்டுவந்த ரியல் எஸ்டேட் சங்கத்தின் இன்றைய வாரிசே தன் பழைய பாகுபாட்டுக் கொள்கைகளுக்காக 2022இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டது.

"நடைமுறையில் இதற்குப் பல்லில்லையே, பிறகு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு உண்மை. தனியார் கட்டும் குடியிருப்பில் குறைந்த வருவாயினருக்கான வீடுகள் 49 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் வாக்கெடுப்பு தேவையில்லை என்பது போன்ற விலக்குகளைச் சட்டமன்றம் பின்னாளில் இயற்றியது. பெரிய நகரங்கள் குறிப்பிட்ட திட்டத்துக்கென்று இல்லாமல், இத்தனை ஆயிரம் வீடுகள் என்று மொத்தமாக முன் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் 2022 நவம்பரில் ஒவ்வொரு நகரமன்றத் தொகுதிக்கும் 5,000 வீடுகள் என்று அப்படித்தான் வாங்கியது. ஆனால் இந்தச் சுற்றுவழிகளுக்குத் தேர்தல் செலவும், வழக்கறிஞர் கட்டணமும், காலமும் ஆகின்றன. பெருநகரங்களுக்கு அது முடியும். சிறு ஊர்களில் ஒரு வாக்கெடுப்பை நடத்தித் தோற்பதைவிட, திட்டத்தையே தொடங்காமல் இருப்பது நகரமன்ற உறுப்பினர்களுக்கு எளிது.

நம்மில் வீடு வைத்திருப்போர் பலர், விலை குறைந்துவிடுமோ என்று அஞ்சுவது எனக்குத் தெரியும். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. முப்பது ஆண்டுக் கடனில் வாழ்க்கையையே அடகு வைத்தவர்களுக்கு அது இயல்பானது. ஆனால் இப்பிரிவை நீக்கினால் எந்தக் குடியிருப்பும் தானாக முளைத்துவிடாது. நகரமன்றக் கூட்டம், எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மண்டல விதி, சுற்றுச்சூழல் ஆய்வு ஆகிய அனைத்தும் அப்படியே இருக்கும். மற்றவர்களுக்கான கட்டடங்கள் எந்த வாசல்களைக் கடக்கின்றனவோ அவற்றையே ஏழைகளுக்கான கட்டடமும் கடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நம் பிள்ளைகளின் ஆசிரியர்களிலும், நம் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களிலும் பலர் மணிக்கணக்கில் காரோட்டி வேலைக்கு வருவதை நாம் அறிவோம்.

என் கோரிக்கைகள் மிகச் சில. தேர்தல் காலத்தில் நம் சங்கப் பொங்கல் விழாக்களுக்கும் நிதி திரட்டும் விருந்துகளுக்கும் மாநிலச் சட்டமன்ற வேட்பாளர்கள் வருகிறார்கள்; வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது 34ஆம் பிரிவை நீக்கும் தீர்மானத்தை மீண்டும் கொண்டுவருவீர்களா, கொண்டுவந்தால் இம்முறை திரும்பப் பெறாமல் வாக்குக்கு விடுவீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி உங்கள் குழுக்களில் பகிருங்கள். தேர்தலுக்கு முந்தைய வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றும் "இதற்கு ஆம், இதற்கு இல்லை" பட்டியலோடு நின்றுவிடாமல், மாநிலம் வீட்டுக்கு அனுப்பும் வாக்காளர் கையேட்டில் முன்மொழிவின் முழுப் பாடத்தையும், ஆதரவு எதிர்ப்பு வாதங்களின் கீழே கையொப்பமிட்டிருப்பவர் யார் என்பதையும் படியுங்கள். 34ஆம் பிரிவு சில பத்திகளே கொண்டது. தமிழில் மொழிபெயர்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன், சங்கங்கள் விரும்பினால் தங்கள் மலரில் வெளியிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சான் ஹோசே வாக்காளர் ஒருவர்