விளக்கை மாற்றுங்கள், மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தோட்டப்புற ஊர்களில் வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்குகள் வந்தபின் கம்பமெல்லாம் சிலந்தி வலை மண்டுவதாகவும், மருந்தடிக்கச் சொல்லிக் குடியிருப்பாளர்கள் கேட்பதாகவும் தங்கள் நாளிதழில் படித்தேன். மருந்து வீண் வேலை. வெளிச்சத்துக்கு அந்துப்பூச்சியும் ஈசலும் வரும்வரை சிலந்தியும் வரும். வியன்னாவில் ஒரு பாலத்துச் சிலந்திகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். விளக்கெரியும் கைப்பிடிகளில்தான் அவை அதிகம் வலை பின்னின. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவைகூட வெளிச்சமான இடத்தையே நாடின. பிறவிக் குணம், அடித்து விரட்ட முடியாது. ஆனால் அந்த வெளிச்சம் சிலந்திக்கும் கேடுதான். ஆஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், இரவு வெளிச்சத்தில் வளர்ந்த தோட்டச் சிலந்திகள் சீக்கிரமே முதிர்ந்து, உடல் சிறுத்து, குறைவாகவே முட்டையிட்டன.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) முனையில் முன்பு மங்கலான மஞ்சள் விளக்கு இருந்தது. அப்போது செம்பருத்தி வேலியில் பனித்துளியோடு வலைகள் தெரியும், கொசுவும் அதில் சிக்கும். வெள்ளை விளக்கு வந்த அப்புறம் வேலி வெறிச்சோடிவிட்டது. கம்பத்தடியில் மட்டும் தினமும் ஒட்டடை அடிக்கிறோம். விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போகிறவர்களுக்கு அது தேவை. மஞ்சள் நிற எல்.இ.டி. போட்டு, வெளிச்சம் சாலையில் மட்டும் விழும்படி மறைப்பு வைத்து, நள்ளிரவு முதல் நான்கு மணிவரை ஒளியைக் குறைக்கலாம். புதிய கம்பங்கள் நடுமுன்பே நகராண்மைக் கழகம் இதை முடிவு செய்ய வேண்டும்.

தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்